வேகம் மட்டும் போதாது: திருவனந்தபுரத்து வீடுகளில் கேம் கன்சோலும் வைஃபையும்

2024 நவம்பர் 7 அன்று சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை வெளியிட்டது. இந்தியக் கடைகளுக்கு அது அப்போது வரவில்லை. விலையையோ சுங்கவரியையோ பார்த்து எடுத்த முடிவல்ல அது. பெட்டிக்குள் இருக்கும் வைஃபை 7 கருவி 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. அந்த அலைவரிசையை வீட்டு வைஃபைக்கு இந்தியா அப்போது திறந்துவிட்டிருக்கவில்லை. காரணம் இதுதான் என்று சோனியே சொன்னது. வளைகுடாவில் அது விற்பனையானதால், விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் ஒன்றிரண்டாவது திருவனந்தபுரம் விமான நிலையத்தைத் தாண்டி வந்திருக்காது என்று நான் நம்பமாட்டேன். ஆனால் முறையான சந்தையைப் பொறுத்தவரை, ஒரு விளையாட்டுப் பெட்டி இந்த நாட்டுக்குள் வரலாமா கூடாதா என்பதை அதன் வைஃபையே தீர்மானித்தது.

கன்சோலை வீட்டு வைஃபையோடு இணைப்பது பாஸ்வேர்டு அடிக்கிற வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இணைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும் என்பது உண்மையே. இணைந்த பிறகு விளையாட முடிகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கான விடை மூன்று இடங்களில் கிடக்கிறது. வீட்டுச் சுவர்களுக்குள் அலை எப்படிப் பயணிக்கிறது என்பது ஒன்று. இணைய நிறுவனம் நம் வீட்டுக்கு என்ன முகவரி கொடுத்திருக்கிறது என்பது இன்னொன்று. விளையாட்டின் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பது மூன்றாவது. சந்தையில் இந்த மூன்றையும் யாரும் விற்பதில்லை. நூறு, இருநூறு, முந்நூறு மெகாபிட் என்று வேகத்தைத்தான் விற்கிறார்கள். திண்டாட்டம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கன்சோல்கள் இணையத்துக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1998இல் ஜப்பானில் வெளியான சேகா ட்ரீம்காஸ்ட் தொலைபேசிக் கம்பியில் மாட்டும் மோடத்தோடு வந்தது. 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் லேன் வயருக்கான துளை இருந்தது; மறு ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை தொடங்கியபோது பிராட்பேண்ட் இருந்தால் மட்டுமே அதில் சேரலாம் என்றார்கள். அது துணிச்சலான நிபந்தனை. ஏனென்றால் இந்தியாவில் பிராட்பேண்ட் என்பதற்கு ஓர் அரசு வரையறை வந்ததே 2004இல்தான். அப்போது நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட். அது 2 மெகாபிட்டாக உயர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு 2006 செப்டம்பரிலும் பிளேஸ்டேஷன் 3 அடுத்த ஏப்ரலிலும் வந்தன. முதல் எக்ஸ்பாக்ஸ் 360இல் வைஃபையே கிடையாது. தனியாக ஒரு அடாப்டர் வாங்கிப் பின்புறம் சொருக வேண்டும். நிண்டெண்டோ எதிர்த்திசையில் போனது. 2006இல் வந்த வீயில் வைஃபை இருந்தது, லேன் துளை இல்லை. தொலைக்காட்சியோடு பொருத்தும் டாக்கிலேயே லேன் துளை வைக்க, 2021இன் ஸ்விட்ச் ஓஎல்இடி வரை அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது. தன் பொருளைக் குடும்பங்கள் கூடத்தில் வைத்து விளையாடுகின்றன என்று விளம்பரம் செய்த நிறுவனத்துக்கு இது அழகல்ல.

அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்து வீடுகளில் இணையம் என்றால் பிஎஸ்என்எல் தொலைபேசிக் கம்பி, அல்லது ஆசியாநெட்டின் கேபிள். ஆசியாநெட் கேபிள் நிறுவனத்தின் தலைமையிடம் இந்த ஊர்தான். மின்கம்பத்துக்கு மின்கம்பம் தாவிச் சென்ற தொலைக்காட்சிக் கேபிளிலேயே பிறகு இணையமும் வந்தது. சிறிய கேபிள்காரர்கள் சேர்ந்து உருவாக்கிய கேரளாவிஷனும் அந்த வழியில் வளர்ந்ததே. கேரளத்தின் இணைய வரலாற்றில் இந்தக் கேபிள்காரர்களின் பங்கைப் பலரும் குறைத்தே பேசுகிறார்கள். ஃபைபர் வந்தபோது ஒவ்வொரு தெருவிலும் ஏணியும் ஆளும் வீட்டுக்காரர்களின் அறிமுகமும் அவர்களிடம் தயாராக இருந்தன. 2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் வந்தது, போட்டி கூடியது. அந்த மாதமே கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் செல்பேசித் தடையை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5 அன்று சட்டமன்ற வளாகத்தில் முதலமைச்சர் பினராயி விஜயன் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கேரள மின்வாரியத்தின் கம்பங்களையும் கோபுரங்களையும் பற்றிப் போகும் அரசு ஃபைபர் வலை அது. முதல் கட்டத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு நூறு வீதம் 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவித்தார்கள். கட்டணம் செலுத்துவோருக்கு அப்போது அறிவித்த அடிப்படைத் திட்டம் மாதம் 299 ரூபாய்க்கு 20 மெகாபிட்.

இந்த 20 மெகாபிட் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பந்து உதைக்கும்போதோ துப்பாக்கி சுடும்போதோ கன்சோல் அனுப்பிப் பெறும் தரவு நொடிக்கு ஒரு மெகாபிட்டைக்கூடப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது போன்ற சின்னச் சின்னச் செய்திகள்தானே அவை. அரசின் ஆகக் குறைந்த திட்டமே விளையாட்டுக்குத் தாராளம். வேகம் தேவைப்படும் இடம் டவுன்லோடு. 100 ஜிபி விளையாட்டை இறக்க 20 மெகாபிட்டில் பதினோரு மணி நேரம் ஆகும். 100 மெகாபிட்டில் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடியும். 300 மெகாபிட்டில் முக்கால் மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. பல நிறுவனங்களின் ‘அன்லிமிடெட்’ திட்டங்களுக்கு மாதம் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் விழும். கன்சோல் மட்டும் உள்ள வீட்டில் அந்த வரம்பைத் தொடுவது கடினம்.

ஆக, ஃபைபர் வாசலுக்கு வந்துவிட்டது. சிக்கல் வாசலிலிருந்து கன்சோல் வரையுள்ள பத்துப் பதினைந்து மீட்டரில். கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதி அக்கிரகாரங்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், குறுகிய முகப்பு, தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டுகொண்டே போகும் வீடு. கேபிள்காரர் தெருப்பக்கத்துச் சுவரில் துளை போட்டு, முன்னறையில் கைக்கெட்டிய இடத்தில் மோடத்தை ஆணியடித்துவிட்டுப் போய்விடுவார். பையனின் அறையோ மூன்று சுவர்களுக்குப் பின்னால். புறநகரின் புதிய மாடிவீடுகளில் இன்னொரு வகைச் சிக்கல்: மோடம் கீழே, விளையாட்டு மேலே, நடுவில் இரும்புக்கம்பி பாவிய கான்கிரீட் தளம். வழியில் ஒரு இரும்பு பீரோ நின்றால் போதும், நிலைமை இன்னும் மோசமாகும்.

வைஃபை பேசும் அலைவரிசைகள் இந்திய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை நன்றாகவே ஊடுருவும். ஆனால் இடம் குறைவு. ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. ஒட்டுச்சுவர் அக்கிரகாரத்தில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாகப் பத்து ரௌட்டர்கள் இருந்தால், அவை அத்தனையும் அந்த மூன்று சேனல்களைத்தான் பங்குபோட வேண்டும். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை பேச்சு ஓயும்வரை காத்திருக்கும். எதிர்வீட்டில் யாரோ சினிமா பார்ப்பதால் உங்கள் வீட்டுக் கோல்கீப்பர் ஒரு கணம் உறைந்து நிற்பது இப்படித்தான். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் வேலை செய்கிறது. பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் கண்ட்ரோலர்களின் புளூடூத்தும் அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் மிகுதி, நெரிசல் குறைவு. ஆனால் செங்கல்லோ வெட்டுக்கல்லோ எதுவாக இருந்தாலும் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். இந்தியாவில் 2.4 அலைவரிசை 2005 வாக்கில் முழுமையாக உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018 அக்டோபரில்தான் வீட்டுக்கும் வெளிக்கும் தாராளமாகக் கிடைத்தது. 6 கிகாஹெர்ட்ஸ் பற்றிய இழுபறி அதற்கும் பிறகு. அமெரிக்கா 2020இல் 1,200 மெகாஹெர்ட்ஸை ஒரேயடியாக வைஃபைக்குக் கொடுத்தது. இங்கே அதே அலைவரிசை எங்களுக்கு வேண்டும் என்று செல்பேசி நிறுவனங்கள் கேட்டன. கடைசியில் 2025 மே மாதத்தில், அதன் கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸை வீட்டுக்குள் குறைந்த ஆற்றலில் பயன்படுத்த அனுமதிக்கும் வரைவு விதிகளை மத்திய அரசு வெளியிட்டது.

எந்தக் கன்சோல் எந்த அலைவரிசையைப் பிடிக்கும் என்று தெரியாமலேயே பலர் கேபிள்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். 2014 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 வெறும் 2.4 மட்டும் அறிந்த பெட்டி. ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் எவ்வளவு பளிச்சென்று ஒளிபரப்பானாலும் அதன் பட்டியலில் தோன்றாது. பழுதல்ல, பிறவியே அப்படி. 2016இல் வந்த ஸ்லிம், ப்ரோ மாதிரிகள் 5ஐயும் பிடிக்கும். இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 5இல் வைஃபை 6 உண்டு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் எஸ்ஸும் அதற்கு ஒரு தலைமுறை முந்தைய வைஃபை 5ஓடு நின்றுவிட்டன. நடைமுறையில் இந்த வேறுபாடு யாருக்கும் உறைப்பதில்லை. மறுபக்கம், உள்ளூர் நிறுவனங்கள் இணைப்போடு கொடுக்கும் மோடம்களில் 2.4 மட்டும் உள்ள சிங்கிள் பேண்ட் பெட்டிகள் இன்னமும் புழக்கத்தில் இருக்கின்றன. 50,000 ரூபாய்க் கன்சோலை அத்தகைய மோடத்தோடு இணைத்துவிட்டு வேகத் திட்டத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே போவது வீண்செலவு.

டூயல் பேண்ட் ரௌட்டரிலும் ஒரு கண்ணி உண்டு. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, கருவியே நல்லதைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள். நடமாடும் செல்பேசிக்கு அது வசதி. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கன்சோலுக்குத் தேவையே இல்லை. பெயரைப் பிரித்துவிடுங்கள், அல்லது பிளேஸ்டேஷன் 5இன் அமைப்புப் பக்கத்திலேயே 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்று கட்டிப்போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளுக்கு வேறொரு விசித்திரம் நேரலாம். 2.4இல் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. அமெரிக்கச் சந்தைக்கான பெட்டிகளில் பல 11க்கு மேல் கேட்பதில்லை. ரௌட்டர் தானாகவே 12க்கோ 13க்கோ தாவினால், செல்பேசியில் தெரியும் வைஃபை கன்சோலில் மாயமாகிவிடும். நிண்டெண்டோவுக்கு இந்தியாவில் முறையான விற்பனையே இல்லாததால், இங்குள்ள ஸ்விட்ச்களெல்லாம் எங்கிருந்தோ வந்தவைதான். ஆகவே இந்த ஊரில் சேனலை 1, 6, 11இல் ஒன்றில் நிறுத்திவைப்பது நல்லது.

5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களிலும் ஒரு சங்கதி இருக்கிறது, அது திருவனந்தபுரத்துக்குக் குறிப்பாகப் பொருந்தும். சேனல் 52 முதல் 144 வரையிலான பகுதியை வைஃபை ரேடார்களோடு பகிர்ந்துகொள்கிறது. அதற்காக வடிவமைத்த ரௌட்டர்கள் அங்கே போவதற்கு முன் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்கும். ரேடார் துடிப்பு தென்பட்டால் உடனே இடத்தைக் காலிசெய்து வேறு சேனலுக்குப் போகும். அந்தத் தாவலில் ஆட்டம் அறுந்துவிடும். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா, இந்த நகரத்தின் வடமேற்கே கடற்கரையில்தான் இருக்கிறது. அங்கே ஒரு வானிலை டாப்ளர் ரேடார் இயங்குகிறது. அது சி-பேண்ட் வகையைச் சேர்ந்தது. அந்த வகை வானிலை ரேடார்கள் வழக்கமாக 5.6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்பவை. உங்கள் வீட்டு வைஃபை அறுபடுவதற்கெல்லாம் தும்பாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தொல்லையே வேண்டாமென்றால் 36 முதல் 48 வரையிலான சேனல்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது புத்திசாலித்தனம்.

பழைய பெட்டிகளைப் பற்றி ஒரு வரி. 2004இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ், வெப் (WEP) என்ற காலாவதியான பாதுகாப்பு முறையை மட்டுமே அறியும். இன்றைய ரௌட்டர்களில் பல அதைக் கைவிட்டுவிட்டன. அதற்காக வீட்டு வைஃபையின் பாதுகாப்பைத் தளர்த்துவது வேண்டாத வேலை. அது சேரும் இணையச் சேவையையே நிண்டெண்டோ 2014 மே மாதத்தில் மூடிவிட்டது. பிளேஸ்டேஷன் 4 போன்றவற்றுக்கு, ரௌட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருப்பதை டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றினால் போதும்.

இவ்வளவு சிக்கலுக்கும் ஒரே மருந்து லேன் வயர். 100 மீட்டர் வரை எந்தச் சுவரையும் பொருட்படுத்தாது. அண்டை வீட்டுக்காரர்களின் சினிமாவும் அதைத் தொடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கேட் 6 வயர் ஒன்றும் விலை கூடிய பொருளல்ல. புது வீடு கட்டுகிறவர்கள் மின்கம்பிக் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு குழாயைக் கூடத்துக்கும் மாடியறைக்கும் இழுத்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை. கட்டிய வீட்டில் சுவரை உடைக்க மனமில்லாதவர்கள் ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். அது கேட்டதைத் திரும்பச் சொல்லும் கருவி. ஒவ்வொரு செய்தியும் காற்றில் இரண்டு முறை போகிறது, தாமதம் கூடுகிறது. விளையாட்டுக்கு அது ஒத்துவராது. மின்கம்பி வழியே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர்களும் கேரள வீடுகளில் அடிக்கடி சொதப்பும். இங்கே மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்கிய வீடுகள் ஏராளம். மோடம் ஒரு ஃபேஸிலும் கன்சோல் வேறு ஃபேஸிலும் இருந்தால் அடாப்டர்கள் ஒன்றையொன்று சரியாகக் கேட்காது. இன்வெர்ட்டருக்கென்று தனியாக இழுத்த கம்பி அந்தக் குழப்பத்தைக் கூட்டும்.

வயரின் பக்கம் நிற்கும் நானே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், அது இடி. மேற்குத் தொடர்ச்சி மலை இவ்வளவு நெருங்கி நிற்கும் இந்த ஊரில் சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகல் ஆனால் வானம் கறுத்து இடிக்கத் தொடங்கும். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை மின்கருவிகளைக் கழற்றி வையுங்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இந்தப் பருவங்களில் சொல்லிக்கொண்டே இருக்கும். தாமிரத் தொலைபேசிக் கம்பி இருந்த நாளில் மோடங்கள் கருகுவது வழக்கமான செய்தி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்த வழி அடைபட்டது. ஆனால் தாங்குவதற்காக எஃகுக் கம்பி சேர்த்த ஃபைபர் கேபிள்களும் உண்டு, மோடத்தின் அடாப்டரோ எப்போதும் மின்சாரத்தில்தான் இருக்கிறது. அந்த வழியே வரும் மின்பாய்ச்சலுக்கு லேன் வயர் ஒரு பாலம். நேராகக் கன்சோலின் உள்ளே கொண்டுபோய் விடும். வைஃபையில் அந்தப் பாலம் கிடையாது. ஆகவே வயர் போட்ட வீட்டில் இடி கேட்டவுடன் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, லேன் வயரையும் கழற்றிவிட வேண்டும். விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லிச் செய்யவைப்பது தனிக் கலை.

சுவரைத் தாண்டிவிட்டோம். இனி முகவரி. பழைய வகை ஐபி முகவரிகளின் கையிருப்பு ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வளர்ந்த நிறுவனங்களிடம் வீட்டுக்கு ஒன்று கொடுக்க முகவரி இல்லை. என்ன செய்வார்கள்? ஒரே கதவிலக்கத்தில் பல ஒண்டுக்குடித்தனங்களை வைப்பதுபோல, ஒரே பொது முகவரியில் பல வீடுகளை அடைத்தார்கள். இதைச் சிஜிநாட் என்பார்கள். யூடியூப் பார்க்கவும் வங்கிக் கணக்கைத் திறக்கவும் இதனால் எந்தத் தடையும் இல்லை, ஏனென்றால் அழைப்பு நம் வீட்டிலிருந்து வெளியே போகிறது. விளையாட்டில் வெளியிலிருந்தும் அழைப்பு உள்ளே வர வேண்டியிருக்கிறது. நண்பனின் கன்சோல் நேரடியாக நம் கன்சோலைத் தேடும்போது, கதவிலக்கம் வரை வந்துவிட்டு எந்தக் குடித்தனம் என்று தெரியாமல் திரும்பிப் போகும்.

கன்சோல்கள் இதை ஆளுக்கொரு பெயரில் அறிவிக்கின்றன. பிளேஸ்டேஷனில் நாட் டைப் 1, 2, 3. எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட். நிண்டெண்டோவில் ஏ முதல் டி வரை, அதற்குப் பிறகு எஃப். பிளேஸ்டேஷன் நாட் டைப் 3 என்று காட்டினாலோ எக்ஸ்பாக்ஸ் ஸ்ட்ரிக்ட் என்றாலோ, இணைப்பு இருக்கும், டவுன்லோடு பறக்கும், ஆனால் நண்பனின் குரல் கேட்காது; ஆட்டத்துக்கு ஆள் கிடைக்க நேரமாகும். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் இரண்டு பையன்கள், ஒரே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்தும், கன்சோலில் ஒருவரையொருவர் கேட்க முடியாமல் திண்ணைக்கு வந்து கத்துவது இதனால்தான். இருவரில் ஒருவருக்காவது தடையில்லாத முகவரி இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இணையத்தில் தேடினால் போர்ட் ஃபார்வர்டிங் செய்யுங்கள், யுபிஎன்பியை இயக்குங்கள் என்று, ரௌட்டரில் வெளியழைப்புக்குக் கதவு திறக்கச் சொல்லும் ஆலோசனை நூறு இடங்களில் கிடைக்கும். அமெரிக்காவில் வீட்டுக்கொரு முகவரி உள்ளவர்களுக்கு எழுதிய ஆலோசனை அது. சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் 3074ஆம் போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும் பயனில்லை; அடைபட்டிருப்பது நம் கதவல்ல, நிறுவனத்தின் கதவு. முதலில் செய்ய வேண்டியது ரௌட்டரின் பக்கத்தில் வெளிப்புற முகவரி என்னவென்று பார்ப்பது. அது 100.64இலிருந்து 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் ஒண்டுக்குடித்தனம்தான். வேறு எண்ணாக இருந்தும் ஸ்ட்ரிக்ட் என்று வந்தால், நிறுவனத்தின் மோடத்துக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரௌட்டரும் சேர்ந்து இரட்டைச் சுவர் எழுப்பியிருக்கக்கூடும். மோடத்தை, முகவரியைத் தானே பிடித்துக்கொள்ளாமல் ரௌட்டருக்கே கடத்திவிடும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். அதன் அட்மின் பாஸ்வேர்டு கேபிள்காரரிடம்தான் இருக்கும். அவரோடு நல்லுறவு வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

தீர்வு இரண்டு. மாதக் கட்டணத்துக்கு மேல் ஒரு தொகை கொடுத்து நிலையான பொது முகவரி வாங்கலாம். எல்லா நிறுவனமும் வீட்டு இணைப்புக்குக் கொடுப்பதில்லை. மற்றது ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. அதில் வீட்டுக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுத்தாலும் தீராது. அதை ஏற்பதில் இந்தியா உலகில் முன்வரிசையில் இருக்கிறது. செல்பேசி நிறுவனங்கள் வேறு வழியின்றி முதலிலேயே அதற்கு மாறியதன் விளைவு. கன்சோல் உலகமோ பின்தங்கி நிற்கிறது. எக்ஸ்பாக்ஸ் முன்பே அதை ஏற்றது. முதல் ஸ்விட்சுக்கு அது தெரியவே தெரியாது. தன் பொருளை உலகம் முழுக்க விற்கும் நிறுவனங்கள், முகவரி தாராளமாகக் கிடைக்கும் நாடுகளை மட்டும் மனத்தில் வைத்துப் பெட்டி செய்கின்றன என்பது என் நீண்டநாள் குறை.

மூன்றாவது, தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்பும் கணக்கில், நூறு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிநொடி. திருவனந்தபுரத்திலிருந்து மும்பைக்குக் கம்பி வழி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் என்று வைத்தால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் 16 மில்லிநொடிக்குக் கீழே பிங், அதாவது போய்த் திரும்பும் நேரம், இறங்காது; நடுவிலுள்ள கருவிகளின் நேரமும் சேர்ந்தால் அதைப்போல இரு மடங்கு ஆவது இயல்பு. நொடிக்கு 60 படம் காட்டும் விளையாட்டில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிநொடி. ஆக மும்பை சர்வர் இரண்டு படம் தள்ளி இருக்கிறது. அது நல்ல நிலை. சிங்கப்பூர் என்றால் சென்னை வரை போய், அங்கிருந்து 2002இல் போட்ட ஐ2ஐ போன்ற 3,200 கிலோமீட்டர் கடலடிக் கேபிள்களில் ஏற வேண்டும். 40 மில்லிநொடி என்பது அடிப்படைக் கணக்கு மட்டுமே. கொச்சியிலேயே கடலடிக் கேபிள் கரையேறுகிறது. ஆனாலும் எந்த வழியில் போவது என்பதை இணைய நிறுவனங்களின் ஒப்பந்தங்களே தீர்மானிக்கின்றன, வரைபடத்திலுள்ள அருகாமை அல்ல. துபாயில் வேலை செய்யும் அண்ணனும் கரமனையிலுள்ள தம்பியும் ஒன்றாக விளையாடும் குடும்பங்கள் இந்த ஊரில் குறைவல்ல. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் அமீரகத்திலும் இணையம் தடுமாறியது. அப்படிப்பட்ட நாளில் ரௌட்டரை அணைத்துப் போடுவதால் ஒன்றும் நடக்காது.

தூரத்தை மாற்ற முடியாது. வீட்டுக்குள் எழும் தாமதத்தை மாற்றலாம். அம்மாவின் செல்பேசி கல்யாணப் படங்களையும் வீடியோவையும் கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது பிங் 30இலிருந்து 300க்குத் தாவுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். ரௌட்டரின் வரிசையில் அந்தப் படங்கள் முன்னால் நிற்க, விளையாட்டின் சின்னஞ்சிறு செய்தி பின்னால் காத்திருக்கிறது. வேகச் சோதனை இதைக் காட்டாது. அது முடிந்ததும் 100 மெகாபிட் என்று பச்சை நிறத்தில் சான்றிதழ் கொடுத்துவிடும். நல்ல ரௌட்டர்களில் எஸ்க்யூஎம் என்றொரு வசதி இருக்கும். அதை இயக்கி, வாங்கிய வேகத்தில் பத்து சதவீதம் போல விட்டுக்கொடுத்தால் வரிசை நீளாது. அதிக மெகாபிட்டுக்குக் கொடுக்கும் காசை இப்படியொரு ரௌட்டருக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கைச் சுற்றியுள்ள பிஜி விடுதிகளில் தங்கியிருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் கையில் இல்லை. அங்கே வைஃபை என்றால் ஒரு இணையப் பக்கம் திறந்து எண்ணோ ஓடிபியோ கேட்கும். செல்பேசிக்கு அது சரி. கன்சோலில் அந்தப் பக்கம் சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. பெட்டியின் மேக் முகவரியை, அதாவது வலையில் அதன் அடையாள எண்ணை, எழுதிக்கொடுத்து நேரடியாக அனுமதிக்கச் சொல்வதே சுருக்கு வழி. அரசின் கே-ஃபை இலவச வைஃபை நகரத்தில் பல இடங்களில் உண்டு, நாளொன்றுக்கு ஒரு ஜிபி வரை. செய்தி படிக்க உதவும். கன்சோலுக்கு அதை எண்ணவே வேண்டாம். செல்பேசி ஹாட்ஸ்பாட் அவசரத்துக்குக் கைகொடுக்கும், ஆனால் அதுவும் சிஜிநாட்டுக்குள்தான்.

திருவனந்தபுரத்தில் இணையம் இல்லாத தெரு இன்று அரிது. வேகத்துக்கும் குறைவில்லை. குறையாக இருப்பது, விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய தகவல். மோடம் சிங்கிள் பேண்டா டூயல் பேண்டா, முகவரி பொதுவா பகிர்ந்ததா, ஐபிவி6 உண்டா என்ற மூன்று விவரங்களையும் கட்டணத்துக்குப் பக்கத்தில் அச்சடிக்கும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்தலாம். அதுவரை கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. அடுத்த முறை கேபிள்காரர் திண்ணையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நீட்டும்போது, எத்தனை மெகாபிட் என்று கேட்பதற்கு முன் இந்த மூன்றையும் கேளுங்கள். மோடத்தை எந்தச் சுவரில் அடிக்க வேண்டும் என்பதையும் நீங்களே காட்டுங்கள்.